காருக்கு விளக்கெண்ணெய்

யுத்த காலம். இலுப்பூர் எண்ணெய்க் கடையில் எனக்கு முன்னால் நின்ற வாடகைக் கார்க்காரர், டின்னை நீட்டி விளக்கெண்ணெய் கேட்டார்.

“யாருக்குங்க வயித்துக் கோளாறு?” என்றார் கடைக்காரர்.

“காருக்கு. எஞ்சின் தேஞ்சு ஒரே புகை. கார் எண்ணெய் எங்கிட்டும் கெடைக்கல. இது கெட்டி எண்ணெயாச்சே, ஊத்துனா புகை அடங்குமாம். நாளைக்கு மாப்பிள்ளை அழைப்பு. போன தடவை மாப்பிள்ளையே எறங்கித் தள்ளி, வேட்டியெல்லாம் கறுத்துப்போச்சு.”

“கெட்டி எண்ணெய் ஊத்துனா வண்டி இன்னும் லேசுல கெளம்பாதேங்க.”

“தள்ளத்தான் பொண்ணு வீட்டுக்காரங்க இருக்காங்கள்ல?”

“அப்பப் புகை வந்தா என்ன? வண்டி கெளம்பினதும், பின்னால தள்ளுனவங்க மூஞ்சியிலதானே அடிக்கப் போகுது? மாப்பிள்ளை உள்ளதானே இருப்பாரு?”

கார்க்காரர் நீட்டிய டின்னைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“அதுவுஞ் சரிதான்” என்று காலி டின்னோடு இறங்கிப் போனார்.