வளையல் போட்ட கை

— அந்த ஒரு கேள்வியை மட்டும் எடுத்துடு பாப்பா. மத்ததெல்லாம் அப்படியே போகட்டும்.

— எடுக்க மாட்டேன் அண்ணா. ஞாயித்துக்கிழமைத் தொகுப்பு என் பொறுப்புன்னு நீதானே சொன்னே?

— சொன்னேன். இணையத்துல நான் கட்டி வளர்த்த வரலாற்றுக் குழுவைக் கவுத்துவிடச் சொல்லலை.

— இதுல என்ன கவுந்துச்சு? மேல ‘இந்த வாரச் சிறப்பு’. அதுல வழக்கம்போல உன் கட்டுரை. மில் வாசல்ல போலீஸ் அடிச்சப்போ அப்பா ஒத்தை ஆளா கொடியைக் கீழ விடாம நின்ன கதை, அந்தப் பழைய படத்தோட. கீழ ‘யாரும் கண்டுக்காத கேள்விகள்’. அதுல இது.

— முதல்ல அதைப் படிச்சியா?

— மனப்பாடமே ஆயிடுச்சு. ‘அந்தப் படத்துல கொடிக்கம்பைப் பிடிச்சிருக்கிற கையில வளையல் இருக்கே, அந்தப் பொண்ணு யாரு?’

— பொழுது போகாதவன் எவனோ கிளப்பிவிடுறான். முகம் இல்லை, பேர் இல்லை, புதுக் கணக்கு. ரெண்டு தடவை தூக்கினேன். வெக்கமே இல்லாம திரும்ப வந்து கேட்கிறான்.

— என்ன காரணம் போட்டுத் தூக்கினே?

— ஆதாரமில்லாத அவதூறு. நம்ம விதிதானே.

— ஆதாரம் முழுப் படத்துல இருக்கு. அதுல அப்பா விழுந்து ரெண்டு கையையும் தரையில ஊணியிருக்கார். அப்போ கொடி தானா நின்னுச்சா? நீ முகத்தையும் கொடியையும் வச்சுக்கிட்டு மிச்சத்தை வெட்டிட்டே.

— குழு முகப்புல இடம் பத்தலை.

— இடம் பத்தலையா, தைரியம் பத்தலையா? அப்பாவே ‘நான் தனியா நிக்கலைடா’ன்னு உன்கிட்ட சொன்னாரே.

— அது அவர் தன்னடக்கம். அதையும் கட்டுரையில சேர்த்திருக்கேன்.

— நல்லா சேர்த்தே போ.

— நான் என்ன சொல்றேன்னா, அவர் சம்பாதிச்சது அந்த ஒரு பேர்தான். தெருவுல போனா ஜனங்க எழுந்து நிக்கிறாங்க. இந்த வயசுல அவர் தலைகுனியணுமா?

— கூட ஒரு பொண்ணு நின்னா அது தலைகுனிவா? எனக்குப் புரியலை.

— உன்கிட்ட பேசி ஜெயிக்க முடியாது. முடிவா சொல்றேன். இந்தக் கேள்வி வெளிய போச்சுன்னா உன் பொறுப்பும் போயிடும்.

— தாராளமா எடுத்துக்கோ. தொகுப்பு காலையிலேயே போயாச்சு. முழுப் படத்தோட.

— ஏண்டி, பெத்த அப்பனை இப்படி நாலு பேர் முன்னாடி நிறுத்திட்டியே. ஊர் பேர் தெரியாத எவனோ ஒருத்தனுக்காக.

— ஊர் பேர் தெரியாதவர் இல்லை. அந்தக் கணக்கை ஆரம்பிச்சுக் கொடுத்ததே நான்தான்.

— யாருக்கு?

— அப்பாவுக்கு. சாகறதுக்குள்ள அவ யாருன்னு தெரிஞ்சுக்கணும்னு ஒத்தை விரலால தட்டித் தட்டி எழுதினார். ரெண்டு தடவையும் நீ தூக்கிட்டே.