தண்ணீர்மேல் நிற்கிற படம்

உப்புக் காற்று காமிராவுக்கு ஆகாது. படம் எடுத்ததும் லென்ஸைத் துடைத்துவிட வேண்டும். அன்றைக்கும் முதலில் அதைத்தான் செய்தேன். தங்கைக்குப் போன் பண்ணியது அப்புறம்தான், ஐயா.

அவள் புருஷனுக்குப் படம் எடுக்கத் தெரியாது. கடற்கரையில் எவனையாவது நிறுத்தி, அவன் உள்ளங்கையில் சூரியனை வைப்பான். படத்தில் என் அம்மாவைச் சங்குக்குள் உட்கார வைத்தான். அவளும் பல் தெரியச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சின்னப்பிள்ளை வித்தை. ஊரே வாயைப் பிளந்தது. கல்யாண ஜோடிகள் என் ஸ்டூடியோவைத் தாண்டி அவனைத் தேடிப் போனார்கள்.

"அண்ணே, நீ எடுத்தா கல்யாணப் பொண்ணுகூட பாஸ்போர்ட்டுக்கு நிக்கிற மாதிரி நிக்குது. அவர்கிட்ட கத்துக்கயேன்" என்றாள் தங்கை.

அவனிடம்.

பொறாமை என்று எழுதிவிடாதீர்கள். கொசுவைப் பார்த்து யானை பொறாமைப்படுமா?

தண்ணீர்மேல் நிற்கிற மாதிரி அவனை ஒரு படம் எடுத்துத் தருவதாகச் சொன்னேன். கடலுக்குள் நீண்டு கிடக்கும் தட்டைப் பாறை ஒன்று உண்டு. தண்ணீர் வற்றும் நேரத்தில் அதன்மேல் பாதம் மட்டும்தான் நனையும். கரையிலிருந்து பார்த்தால் ஆள் கடல்மேல் நிற்பான். பாறை எங்கே முடிகிறது என்று முந்தின நாளே கம்பு விட்டுப் பார்த்திருந்தேன். அதற்கப்பால் கம்புக்கு அடி தட்டவில்லை. அவனுக்கு நீச்சல் தெரியாது என்பது எங்கள் வீட்டில் பழைய கேலி.

"மச்சான், வழுக்குமா?"

"கீழ பாக்காத மாப்ள, மூஞ்சி தொங்கிரும். காமிராவப் பாரு. கொஞ்சம் பின்னால போ."

"போதுமா?"

"பாறை தெரியுது. இன்னும் ஒரே ஒரு எட்டு."

படத்துக்கு நிற்கிறவன் பின்னால் திரும்பிப் பார்ப்பதில்லை. இத்தனை வருஷத் தொழிலில் நான் கண்டது அது. சிரித்த முகம் மாறாமல் அந்த எட்டை வைத்தான். என் பேச்சைக் கேட்டு அவன் செய்த ஒரே நல்ல காரியம்.

ஏன் கை கொடுக்கவில்லை என்கிறீர்கள். இரண்டு கையிலும் காமிரா இருந்தது. வெளிச்சமும் நன்றாக இருந்தது. விரல்கள் மட்டும் தெரிகிற வரைக்கும் எடுத்தேன். கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு ஆட்சேபணை இல்லை.

கோப்பில் ஒட்ட என் படம் கேட்டீர்களே, பர்ஸில் ஒன்று இருக்கிறது. கடற்கரையில் நான் எதற்கோ சிரித்தபோது எனக்குத் தெரியாமல் எடுத்தது. அவன் எடுத்ததுதான். சுமார்தான். வேலை முடிந்ததும் மடங்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நான் மனுஷன் மாதிரி இருக்கிற படம் அது ஒன்றுதான்.