சித்திரைக்கு ஒரு சாமி

மாரி: ...இன்னிக்கு ராத்திரியோட உங்க தவக்காலம் முடிஞ்சிடும். அப்புறம் நா எதப் புடிச்சிகினு நிக்கறது மச்சான்?

அந்தோணிசாமி: இப்போதிக்கு ஏணியப் புடி. மேல நா பெயிண்ட் டப்பாவோட கீறேன்.

மாரி: வெளயாடாத. நெசமாத்தான் கேக்கறேன்.

அந்தோணிசாமி: நீ இன்னா வேதத்துக்காரனா? மாரின்னு பேரு வச்சிகினு, ஈஸ்டர் வருதேன்னு அழுவறே. எங்க சாமியாரு கேட்டா சிரிப்பாரு.

மாரி: சிரிக்கட்டும். சாம்பல் புதன்லேர்ந்து ஒரு சொட்டு தொட்டனா? நீயே சொல்லு. நேத்து பெரிய வெள்ளிக்கு உங்க கோயில் வாசல்ல நின்னு கஞ்சிகூட வாங்கிக் குடிச்சேன்.

அந்தோணிசாமி: ரெண்டு தபா வாங்கினே. பாத்தேன்.

மாரி: அது பசி. அத வுடு... கன்னியம்மா இன்னா சொல்லிட்டுப் போனா, ஞாபகம் கீதா?

அந்தோணிசாமி: தெருவுக்கே கேட்டுச்சே. "ஐயப்பனுக்குப் பயந்து இருக்கத் தெரியுது. மலையிலேர்ந்து வந்து மாலையக் கழட்டின அன்னிக்கே ஒயின்ஷாப்ல வுழுந்து கெடக்கறே. கழுத்துல ஒண்ணும் இல்லாம இருந்து காட்டு, அப்புறம் வரேன்"னு புள்ளையத் தூக்கிகினு பீர்க்கன்கரணைக்கு, அம்மா வூட்டுக்குப் போய்ட்டா.

மாரி: அதான். இப்ப என் கழுத்துல இன்னா கீது, பாரு.

அந்தோணிசாமி: பெயிண்ட்டு.

மாரி: மாலை இல்லல்ல? உங்க தவக்காலத்துல அதான் வசதி. வெளிய ஒண்ணும் தெரியாது. உன் சம்சாரம் அருள்மேரி அக்கா நெத்தியில சாம்பலோட என் வாசல்ல வந்து நின்னாங்க பாரு, அப்ப எனக்கே தோணுச்சு... இதப் புடிச்சிகினா கன்னியம்மாவுக்கும் தெரியாது, நானும் வுழ மாட்டேன்னு.

அந்தோணிசாமி: ஏமாத்து வேலடா.

மாரி: இன்னா ஏமாத்து? குடிக்கல இல்ல?

அந்தோணிசாமி: சாமி பேரச் சொல்லிதானே குடிக்கல? அவ கேட்டது உன் மனச.

மாரி: மனசு... இந்த வூட்டு ஓனரு தோத்தாத்ரி சாரு மனசாலதான் சிகரெட்ட வுட்டாரு. இந்த வருஷ எண்பத்தொம்பது டைரியில மொத பக்கத்துல எழுதி, சம்சாரத்துகிட்ட கையெழுத்தும் வாங்கி. நேத்து மொட்டை மாடிக்கு வந்து எங்கிட்ட பீடி கேக்கறாரு. பேங்க் ஆபீசரு மனசே அப்பிடின்னா...

அந்தோணிசாமி: குடுத்தியா?

மாரி: குடுத்தேன். பாவம், அவருக்குத் தவக்காலம் கெடயாது. நா சொல்றதக் கேளு. ஆடியில அம்மனுக்குக் காப்புக் கட்டிப்பேன். ஆவணியில உன்கூட காவி கட்டிகினு வேளாங்கண்ணிக்கு நடக்கறேன்...

அந்தோணிசாமி: நா நடக்கறேன்னு எப்ப சொன்னேன்?

மாரி: நடப்பே. புரட்டாசி பெருமாளுக்கு. ஐப்பசியில சஷ்டி. கார்த்திகையில மறுபடி மாலை. தையில பூசம், மாசியில திரும்ப நீங்க வந்துடுவீங்க. இந்தச் சித்திர, வைகாசி, ஆனிதான் அம்போன்னு நிக்குது. ஒரு சாமியும் கை குடுக்கல.

அந்தோணிசாமி: வெயிலுக்கு எல்லாம் லீவுல போயிருக்கும்.

மாரி: சிரிக்காத மச்சான். நாளைக்கு பீர்க்கன்கரணைக்குப் போயி அவளக் கூப்புடலாம்னு கீறேன். வந்தப்புறம் வுழுந்தேன்னா, அவ இந்த சென்மத்துல திரும்ப மாட்டா. நீ வருஷா வருஷம் ஈஸ்டர் முடிஞ்சா எப்பிடிச் சமாளிக்கறே? அதச் சொல்லு.

அந்தோணிசாமி: நா எந்த வருஷம்டா தவக்காலம் இருந்தேன்?

மாரி: இன்னா?

அந்தோணிசாமி: இந்த வருஷந்தான் மொத தபா. மத்த வருஷமெல்லாம் பொழிச்சலூர்ல வேலைன்னு அருள்மேரிகிட்ட சொல்லிட்டு, பெரிய வெள்ளியன்னிக்குக்கூட... வுடு. நீ வந்து "உன்னப் பாத்துதான் நா இருக்கப் போறேன்"னு நின்னுட்டே. தெனம் சாயங்காலம் சேலையூர்லேர்ந்து ஸ்டேஷன் வரைக்கும் எம்மூஞ்சியவே பாத்துகினு வர்றே. எப்பிடிடா குடிக்கறது? நாக்கு வறண்டு போச்சு எனக்கு.

மாரி: அப்ப... நா புடிச்சிகினு நின்ன தூணே ஆடிகினு கெடந்துதா?

அந்தோணிசாமி: ஆடல. அதான் பேஜாரு.

மாரி: அடப்பாவி மச்சான்...

அந்தோணிசாமி: ஏய், பேச்ச நிறுத்து. வாசல் கேட்டாண்ட யாரு, பாரு. கன்னியம்மா.

மாரி: எங்க... ஐயோ. தவக்காலம் அது இதுன்னு வாயத் தெறந்துடாத. உன் கால்ல வுழறேன்.

கன்னியம்மா: கால்ல அப்புறம் வுழலாம். ஏணிய வுடாத, அண்ணன் மேல கீறாரு.

மாரி: எப்ப வந்தே? புள்ள எங்க?

கன்னியம்மா: அருள்மேரிகிட்ட கீது. குடிக்கறதே இல்லயாமே?

மாரி: ஒரு சொட்டு இல்ல.

கன்னியம்மா: எந்தச் சாமிக்கு?

மாரி: எந்தச் சாமிக்கும் இல்ல. கழுத்தப் பாரு, ஒண்ணும் இல்ல. என் மனசாலதான் இருந்தேன். மச்சானக் கேளு.

அந்தோணிசாமி: ஆமாம்மா... மனசுதான். கெட்டி மனசு.

கன்னியம்மா: அப்பிடியா.

மாரி: உனக்காகத்தான் இருந்தேன். புள்ளைக்காக. உங்கம்மா வூட்டு முக்கு வரைக்கும் வந்து வந்து திரும்பிட்டேன். நீ இல்லாம அந்த வூட்டுல ஒலை வைக்கக்கூட பிடிக்கல எனக்கு.

கன்னியம்மா: தெரியும். எங்கம்மா பாத்துச்சு. எனக்கு மட்டும் அங்க சோறு எறங்குச்சா? அழுவாத, கையெல்லாம் பெயிண்ட்டு, கண்ணுல பட்டுடும்.

அந்தோணிசாமி: அப்ப வூட்டுக்கு வந்துடும்மா. நடந்தது நடந்துபோச்சு.

கன்னியம்மா: ஏண்ணா, நீங்க பெயிண்ட் எடுக்கறது மஸ்தான் பாய் கடையிலதானே?

அந்தோணிசாமி: ஆமா. ஏன் கேக்கறே?

கன்னியம்மா: அவருகிட்ட பேசிட்டு வரேன். அடுத்த மாசம் நோன்பு ஆரம்பிக்குதாம். சாயங்காலம் வேலை வுட்டதும் நேரா பள்ளிவாசலுக்குக் கூட்டிகினு போயி, கஞ்சி குடுத்து, வூட்டு வாசல்ல கொண்டாந்து வுடறேன்னாரு. உங்களுக்கும் சேத்துதாண்ணா சொல்லியிருக்கேன். அருள்மேரிதான் சொல்லச் சொன்னா.

அந்தோணிசாமி: எனக்கா? நா இன்னாம்மா பண்ணேன்?

கன்னியம்மா: எந்த வருஷமும் பண்ணாதத இந்த வருஷம் பண்ணீங்க. அவ சந்தோஷமா கீறா. அதக் கெடுக்காதீங்க.

மாரி: நோன்பா? எனக்கு எதுக்கு அதெல்லாம்? நாந்தான் என் மனசாலயே...

கன்னியம்மா: நெத்தி நெறைய சாம்பலோட உன் வாசல்ல போயி நில்லுன்னு அருள்மேரிய அனுப்பினதே நாந்தான்யா. நோன்பு வர்ற வரைக்கும், நடுவுல கீற நாளுக்கு நா வூட்ல கீறேன். முடிஞ்சப்புறம், அதையும் என் மனசாலதான் இருந்தேன்னு வந்து சொல்லு. நா நம்பறேன்.