மூக்காயி எடுத்து வைத்த மாத்திரை

— அசையாதீங்க ராமண்ணா. பிளாஸ்திரி முடியோட ஒட்டிக்கினு இருக்குது, மெதுவாத்தான் வரும்.

— ஊரு நர்சு ஒனக்குத் தெரியாததா, நீ இழு தேவிம்மா. இருதய ஆப்பரேசனுக்கு நெஞ்செலும்ப அறுத்தப்பவே தாங்கிக்கினேன், இது இன்னா.

— அப்ப ஒனக்கு மயக்க மருந்து குடுத்திருந்தாங்க. நீ எங்க தாங்குன. வெளிய குந்திக்கினு தாங்குனது நானு.

— அதுவும் வாஸ்தவந்தான் மூக்காயி.

— புருசன் பொண்டாட்டி சண்டைய நான் போன பொறவு வெச்சிக்கங்க. அக்கா, அந்தக் கதவ நல்லாத் தெறங்க. வெளிச்சம் பத்தல.

— இன்னா தேவிம்மா, மொகம் ஒரு மாதிரியா போவுது?

— காயம் கீழ்ப்பக்கம் இன்னும் மூடலக்கா. போன வாரம் பாத்த மாதிரியே ஈரமா இருக்குது. சீழ் இல்ல, காய்ச்சல் இல்ல, அண்ணனுக்கு சக்கரையும் கெடையாது. ஆனா தோலு சேரமாட்டேங்குது.

— சேலத்து டாக்டரு இதுக்கு இன்னா சொல்லுவாரு?

— செவ்வாக்கெழம போறப்பவும் இப்படியே இருந்துச்சுன்னா, மறுபடி ஆப்பரேசன் தேட்டருக்குள்ள கொண்டுபோயி, கம்பி போட்டுக் கட்டுன எலும்பு வரைக்கும் தெறந்து சுத்தம் பண்ணணும்னு சொல்லுவாரு.

— இன்னொரு வாட்டியா? வேணாம் தாயி. இந்த ஒடம்பு அதத் தாங்காது. மம்புட்டிக் காம்பு கணக்கா ஆயிட்டாரு, நீயே பாரு.

— அதான்க்கா கேக்கறேன். சாப்பாடு இன்னா குடுக்கறீங்க?

— நல்லதாத்தான் குடுக்கறேன். வெள்ளரிசிக் கஞ்சி, பன்னு, ரசஞ்சோறு. உப்பு கம்மியா.

— முட்ட?

— நல்லா கேட்ட போ. புண்ணு இருக்கறவருக்கு யாராவது முட்ட குடுப்பாங்களா? சீழ் வெச்சிக்கும்.

— மொச்ச, அவர, வேர்க்கடல?

— அதுவும் சீழு.

— பரங்கிக்கா?

— அது கரப்பான், ஒடம்பெல்லாம் சொறி கெளம்பிடும்.

— சாமச் சோறு கூடவா போடல? ஒங்க காட்டுல வெளயறதுதானே அது?

— சொரசொரன்னு இருக்குது, உள்புண்ண அறுத்துடும்னு நிறுத்திட்டேன். நோவாளிக்கு வெள்ளரிசிதானே நல்லது.

— கேட்டுக்க தேவிம்மா. வூட்டுல ஆறு கோழி. அது கொக்கரிக்கறத கேட்டுக்கினே நான் பன்னு திங்கறேன்.

— நீ கம்முனு இருய்யா. ஒரு மாசமா நாக்க அடக்குன, இன்னும் கொஞ்ச நாளு.

— இல்லக்கா, அதுலதான் வெனையே. முட்டையால சீழ் வைக்காது. புதுத் தோலு வளரணும்னா ஒடம்புக்கு சரக்கு வேணும். அந்த சரக்கு பூராவையும் பத்தியம்னு நிறுத்திட்டீங்க. வூட்டுக்கு அனுப்பறப்ப ரத்தம் பாத்தாங்களே, அதுலயே அண்ணனுக்கு துத்தநாகம் கம்மின்னு வந்திருக்குது.

— துத்தநாகமா? தகரத்துக்குப் பூசுவானுங்களே, அதுவா?

— அதேதாண்ணா. துளியூண்டுதான் வேணும், ஆனா அது இல்லன்னா புண்ணு ஆறாது. பெரிய ஆப்பரேசன் ஆச்சுன்னா ரத்தத்துல அது கொறஞ்சு போயிடும். அதுக்குத்தான் மத்த மாத்திரையோட சின்னதா ஒரு வெள்ள மாத்திர எழுதியிருக்காங்க. ஜிங்க்னு. தெனமும் ஒண்ணு குடுக்கறீங்க இல்ல?

— அடுப்புல கஞ்சி பொங்குது, எறக்கி வெச்சிட்டு வரேன்.

— அக்கா, ஒங்களத்தான். குடுக்கறீங்க இல்ல?

— அவ குடுக்கத்தான் செய்யறா தேவிம்மா. நாந்தான் முழுங்கற மாதிரி முழுங்கிட்டு கொல்லையில துப்பிடறேன். கசப்பு தாங்கல.

— இன்னாண்ணா இது, சின்னப் புள்ளையா நீங்க? இவ்ளோ பெரிய ஆப்பரேசன் பண்ணிக்கினு வந்து, மாத்திரையத் துப்பறீங்க. அக்கா இங்க கெடந்து அல்லாடறது ஒங்க கண்ணுக்குத் தெரியலயா?

— தப்புதான். இனிமே துப்பல.

— திட்டாத தாயி. அவுரு ஒண்ணும் துப்பல. அந்த மாத்திர அவுரு வாய்க்கே போவல. நாந்தான் குடுக்கல.

— மூக்காயி, நீ சும்மா இரு.

— நீ சும்மா இருய்யா. எனக்காவ நீ ஏன் ஏச்சு வாங்கணும். தேவிம்மா, மருந்துக்கடக்காரரு ஒவ்வொண்ணா பேரு சொல்லி சொல்லித்தான் குடுத்தாரு. இது ஜிங்க் மாத்திரன்னாரு. பக்கத்து வூட்டு பூமாலை புள்ளைக்கு பேதியா போனப்ப நீதானே வந்து குடுத்த? ஜிங்க் மாத்திர, தெனம் ஒண்ணு கரச்சுக் குடு, பேதி நின்னுடும்னு. நானும் பக்கத்துல நின்னு கேட்டுக்கினுதானே இருந்தேன்.

— ஆமா, குடுத்தேன்.

— இவுருக்கு ஆப்பரேசன் ஆனதுலேர்ந்து வெளிய போறதே ரெண்டு நாளைக்கு ஒருக்கா, மூணு நாளைக்கு ஒருக்கா. முக்கக் கூடாது, முக்குனா கட்டுன எலும்பு வுட்டுக்கும்னு பெரிய டாக்டரு ஆணி அடிச்ச மாதிரி சொல்லி அனுப்புனாரு. ஏற்கெனவே கட்டிக்கினு கெடக்கற மனுசனுக்கு பேதி நிறுத்தற மாத்திரையக் குடுத்தா இன்னா ஆவறது? எவனோ தெரியாம சீட்டுல எழுதிட்டான்னு நெனச்சேன். அத மட்டும் எடுத்து உப்புச் சாடிக்குப் பின்னால வெச்சிட்டேன்.

— எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேக்கா.

— கேட்டா குடுத்தே ஆவணும்பீங்க. பயமா இருந்துச்சு.

— ஒக்காருங்க. மொதல்ல ஒக்காருங்க. ஒங்க மேல தப்பில்லக்கா, நான் சொன்னதுதான் அரகொறை. பேதியில புள்ளைங்களுக்கு கொடலு புண்ணாயிடும். அந்தப் புண்ண ஆத்தித்தான் இந்த மாத்திர பேதிய நிறுத்துது. அண்ணனுக்கு நெஞ்சுப் புண்ண ஆத்தக் குடுத்திருக்காங்க. வேல ஒண்ணுதான், எடந்தான் வேற.

— அப்ப கட்டிக்காதா?

— கட்டாது. அதுக்குத் தனியா மருந்து இருக்குது, வாங்கித் தரேன்.

— அப்ப நானேதான் அவுரு நெஞ்ச மூடவுடாம பண்ணிக்கினு இருந்திருக்கேன்.

— அப்படியெல்லாம் பேசாதீங்க. ரோட்டு மேட்டுல டவர் கெடைக்கும், போயி டாக்டருக்குப் போன் போடறேன். மாத்திர இப்பலேர்ந்து தொடங்கலாமா, செவ்வாக்கெழமைக்கு பதிலா கொஞ்சம் தள்ளி வரலாமான்னு கேட்டுக்கினு வரேன். சீழ் இல்லாததால ஒத்துக்குவாருன்னு நெனைக்கறேன். அதுக்குள்ள ஒரு முட்டைய வேகப் போடுங்க. ராத்திரிக்கு சாமச் சோறும் மொச்சக் கொழம்பும்.

— மூடிக்குமா தேவிம்மா? நெசமாச் சொல்லு.

— இன்னும் நாளு கடந்து போவலக்கா. மூடணும். வரட்டுமா.

— பாத்துப் போ தாயி, எறக்கத்துல மண்ணு சறுக்குது.

— போயிட்டாளா?

— போயிட்டா.

— அழுவாத மூக்காயி.

— எதுக்குய்யா எனக்காவ பொய் சொன்ன? நான் குடுக்காதது ஒனக்கு எப்படித் தெரியும்?

— கட்டில்ல மல்லாக்கப் படுத்துக் கெடக்கறவனுக்கு வேற இன்னா வேல. காலையில மாத்திரைய எல்லாம் உள்ளங்கையில கொட்டுவ. நான் அந்தாண்ட திரும்புனதும் ஒண்ண மட்டும் எடுத்துக்கினு அடுப்பாண்ட போவ. தெனமும் பாத்துக்கினுதான் இருந்தேன்.

— பாத்துக்கினே இருந்தியா? மொத நாளே இன்னாடி இதுன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா இந்நேரம் ஆறியிருக்குமேய்யா. என் மேல அவ்ளோ நம்பிக்கையா?

— அதெல்லாம் இல்ல.

— பின்ன ஏன்யா கேக்கல?

— ஒனக்கும் நெஞ்சு வலி வந்துடுச்சு, சொன்னா நான் பயந்துக்குவேன்னு மறச்சிக்கினு, என் மாத்திரையில ஒண்ண எடுத்து முழுங்கறன்னு நெனச்சேன். கேட்டா எங்க முழுங்காம வுட்டுடுவியோன்னுதான் கம்முனு இருந்தேன்.