வயித்துவலி யாரோடது?

...சொன்னா நம்ப மாட்டீங்க தங்கச்சி! வீல்செயார்ல அந்த மனுசன ஒக்கார வச்சுத் தள்ளிக்கிட்டுப் போறாங்க, நான் பின்னால பையத் தூக்கிக்கிட்டு நடக்குறேன். நெறமாசம் எனக்கு, வலி அவருக்கு! எங்கயாச்சும் அடுக்குமா?

நீங்க படுங்க, படுங்க. பேரு றுகையான்னா சொன்னீங்க? நான் தெரேசம்மா. இந்தா தூங்குறானே, இவன் எம் மகன். முந்தாநா பொறந்தான். அவங்கப்பா இருதயராஜ், குருவிட்டைக்கு மேல றப்பர் தோட்டத்துல பால் வெட்டுறாரு. நல்ல மனுசன்தான்... ஆனா என்ன மனுசன்!

அன்னைக்குக் காலையில கத்தியத் தீட்டிக்கிட்டு இருந்தாரு. எனக்கு இடுப்புல லேசா ஒரு சுண்டு. நான் வாயே தொறக்கலங்க! அங்கிட்டு 'அம்மாடி'ன்னு ஒரு அலறல். பாத்தா வயித்தப் புடிச்சுக்கிட்டு சுருண்டு கெடக்காரு. எனக்கு இழுத்தா அவருக்கும் இழுக்குது, எனக்கு விட்டா அவருக்கும் விடுது. நடிக்கிறாருன்னு ஏசிப்புட்டேன். ஆனா சட்டையெல்லாம் வேர்வையில தொப்பலா நனைஞ்சு போச்சே... அத எப்புடி நடிக்கிறது?

தோட்டத்து லொறியில ஏத்தினாங்க. எந்தம்பி ரெஜினோல்டும் வந்தான். சாமியாருக்குப் படிக்கப் போயி பாதியில திரும்புனவன், வாய் மட்டும் முழுசாப் படிச்சிருச்சு. நின்னுக்கிட்டே பிரசங்கம்! 'அக்கா, ஒடம்பு வேற, ஆத்துமா வேற. ஒடம்பு லொறி, ஆத்துமா டிரைவர்'ங்கிறான். 'அப்ப லொறி பள்ளத்துல விழுந்தா டிரைவருக்கு ஏன்டா இடுப்பு நோகுது'ன்னு கேட்டேன். ஒடனே அவன், 'இல்லக்கா, கோயில் மணியும் பெக்டரி சங்கும் காலையில ஒண்ணா அடிக்குதில்ல? இது அத அடிக்க வைக்கல, அது இத அடிக்க வைக்கல. ஆண்டவர் ரெண்டுக்கும் ஒரே நேரத்த வச்சிட்டாரு. மனசும் ஒடம்பும் அப்புடித்தான்'னான். 'அடேய், எம் மணிக்குல்லடா ஒங்க மாமா சங்கு ஊதுது!'ன்னேன்.

எனக்கு சிரிப்பு வந்துருச்சு. சிரிச்சா வலிக்குது... எனக்கு வலிச்சா அவரு கத்துறாரு... அவரு கத்துனா மறுபடி சிரிப்பு! லொறிக்காரன் 'அனே, மே மொக்கத', ஐயோ இது என்னான்னு வண்டிய நிறுத்திட்டு எறங்கி வந்து பாத்தான்.

இங்க டொக்டர் அவர அமுக்கிப் பாத்தாரு, தட்டிப் பாத்தாரு, ஸ்கேனும் பண்ணாரு. ஒண்ணுமேயில்ல. 'ஒக்கோம ஹித்தே'ன்னாரு. எல்லாம் மனசுலயாம்! அதுக்கு இவரு, 'அப்ப மனசுக்குப் போடுற மாதிரி ஒரு வயித்துவலி மாத்திர தாங்க மாத்தயா'ங்கிறாரு. நர்ஸ் மிஸ்ஸிமாரு வெளிய ஓடிப்போயி சிரிச்சாங்க.

தம்பி சும்மா இருப்பானா? 'சரியாச் சொல்லுங்க மாமா, எங்க வலிக்குது?'ன்னான். அந்த மனுசன் தன் வயித்தத் தொடலங்க. கைய நீட்டி என் வயித்தக் காட்டினாரு.

அதோட என் சிரிப்பு நின்னுபோச்சு.

நம்ம நாடு கிரிக்கெட்டுல உலகக் கிண்ணம் ஜெயிச்ச வருசந்தான் எங்க கல்யாணம். மறுவருசம் மொத புள்ள... பொண்ணு. எறந்துதான் பொறந்துச்சு. இவரு அப்ப தூரத்துல மாணிக்கக் குழியில. ஆள் போயி சொல்லி, வந்து சேர்றதுக்குள்ள அடக்கமும் முடிஞ்சிருச்சு. அழல. ஒரு வார்த்த பேசல. குழி வேலைய விட்டுட்டு பால் வெட்ட வந்துட்டாரு, அம்புட்டுத்தான். கல்லு மனசுன்னு நெனச்சுக்கிட்டேன். கல்லுமில்ல, ஒண்ணுமில்ல தங்கச்சி... மனசுல எடம் பத்தாமத்தான் அந்தத் துக்கம் வயித்துக்கு எறங்கியிருக்கு.

இவன் பொறந்து மொத சத்தம் போட்டதுதான், வெளிய வாங்குப் பலகையில கெடந்தவரு எந்திரிச்சு, சாரத்த ஒதறிக் கட்டிக்கிட்டு, 'மச்சான், ஒரு பிளேன்டீ குடிப்பமா'ன்னாராம்! வலி போன எடமே தெரியலையாம். புள்ளயக் கையில வாங்கிக்கிட்டு எங்கிட்ட சொல்றாரு, 'இந்த வாட்டி நான் பக்கத்துலயே இருந்தேன், என்ன?'ன்னு.

ஒங்க மாப்புள எங்க, வெளிய நிக்கிறாரா? கட்டார்ல வேலையா... ஐயோ, அழாதீங்க. என்ன, வலிக்குதா? அடி ஆத்தே, நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டு... மிஸ்ஸி! மெயாட்ட அமாருய், இக்மனட்ட என்ன! இவங்களுக்கு வலி வந்துருச்சு, சுருக்கா வாங்க!

இந்தா, தள்ளுவண்டி வந்துருச்சு. கைய விடுங்க தங்கச்சி... விடுங்கன்னா... சரி, புடிச்சுக்குங்க. பிரசவ ரூம் கதவு வரைக்கும் நானும் வர்றேன். நடப்பேன் மிஸ்ஸி, எனக்கு ஒண்ணுமில்ல, எம்புள்ளய மட்டும் கொஞ்சம் பாத்துக்கிருங்க. கத்துங்க தங்கச்சி, வெக்கப்படாதீங்க! கட்டாருக்கே கேக்கட்டும்!