குசினி நிலையில் ஒரு வருசம்

— போன வருசம், எழுபத்தெட்டுல, அடிச்ச சூறாவளி விட்டு வெச்சத இனி ஒரு மனிசனும் தொட ஏலா, சீனிமுகம்மது. இந்த ஊர்ர சரித்திரத்த போன மாசம் ஒண்டாம் தேதி காலையில பத்தரை மணிக்கு நான் காப்பாத்திப் போட்டன். பதிவு செய்யப்பட்டிருக்கு.

— நல்லம், ஹமீட் காக்கா. மறுகா, இந்தச் சமைக்கிற குசினிய எந்தப் பக்கத்தால உடைக்கத் தொடங்குற?

— அவசரப்படாத. நீ மேசன், உனக்குக் கல்லு மட்டும்தான் தெரியும். நான் பட்டின சபைட சூழல், புராதனப் பாதுகாப்பு ஆலோசனைக் குழுத் தலைவன். தீர்மானத்தக் கேளு: "ஐம்பது வருடங்களுக்கு முற்பட்ட எந்தக் கட்டிடமோ, கிணறோ, மரமோ உடைக்கப்படவும் பெயர்க்கப்படவும் கூடாது, ஓர் ஆணியேனும் பிடுங்கப்படக் கூடாது." அந்த ஆணி நான் போட்டது. மத்தவங்க கட்டிடத்தோட நிப்பாட்டப் பாத்தாங்க.

— ஆணி நல்லா இரிக்கி காக்கா. மறுகா, பட்டியல்ல என்னென்ன?

— கடற்கரையில நட்ட நூறு வேப்பங்கண்டு இருந்திச்சி. ஆடு திண்டிட்டு. ஆட்டுக்காரனப் புடிக்கணும் எண்டன். ஆடும் சூழல்தானே எண்டு சபையில எழுதுற லிகிதர் பத்திநாதர் எழும்பிச் சொன்னார். யோசிச்சிப் பாத்தா உண்மைதான். விசயம் ஒத்திவைக்கப்பட்டது.

— ஆடு தப்பிட்டு.

— பழைய சாமான் பதினொண்டு எழுதினம். முதலாவது எங்கட வாசல்ல நிக்கிற புளியமரம். மத்தப் பத்தையும் போய்ப் பாத்தா, எல்லாம் எழுபத்தொண்டுல கட்டினதா இரிக்கி. சந்தைக் கிணறு எழுபத்தொண்டு. வண்டிக்காரங்க தங்குற மடம் எழுபத்தொண்டு. எங்கட தெருக் கச்சிமுகம்மது பொறக்க முதல் வெட்டின கிணறு, அதுவும் ஆயிரத்தித் தொளாயிரத்தி எழுபத்தொண்டு.

— ஊருக்கு அது நல்ல வருசமாக்கும்.

— சிரிக்காத. கச்சிமுகம்மத நான் கையோட புடிச்சன். கிணத்துக் கட்டுல பதினொண்டு எண்டு கிடந்த வருசத்துல, முன்னால இருந்த ஒண்டுக்கு ஆணியால தொப்பி வெச்சிக்கிட்டு இருந்தான். தொப்பி வெச்சா அது ஏழாம். அறுவது வயசு ஆளு, சாரத்த மடிச்சிக் கட்டிக்கிட்டு, நாக்கக் கடிச்சிக்கிட்டு, அரிவரிப் புள்ள மாதிரி. சபையில நான் அப்படியே குந்திக் காட்டினன். எல்லாரும் வயித்தப் புடிச்சிச் சிரிச்சாங்க. பத்திநாதர் மட்டும் சிரிக்கல்ல.

— பாவம் காக்கா அந்த மனிசன். கிணத்த மூடினாத்தானே மகள்ர வீட்டுக்கு இடம் வரும்.

— பாவமோ? முப்பது வருசம் தபால் கந்தோர்ல தேதி குத்தின கை இது. ஒரு நாள் பிசகினதில்ல. தந்தி அடிக்க வந்த ஒருத்தன் அழுதுகூட முந்தின நாள்ர தேதியக் கேட்டான், குடுக்கல்ல. தேதியில கை வைக்கிறவன் எதிலயும் கை வைப்பான். இதையும் பதிய வேணும்.

— ஆரு பதியிற? மேசன்ர கையில கொப்பியா இரிக்கி? சுல்பிகாட வாப்பா, தேத்தண்ணி ஆறுது, குடிங்க. கலியாணத்துக்கு நிக்கிற கொமர வீட்டுல வெச்சிக்கிட்டுக் கூட்டம் போட்டது காணும். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முதல் வீடு எழும்பாட்டி மாப்புள வீட்டார் வேற வளவு பாப்பாங்களாம். இண்டைக்கும் ஆள் அனுப்பிச் சொன்னாங்க.

— எழும்பும் முனவ்வறா. மாப்புள வந்து குடியிருக்க வீடில்லாம என்ட மகள் நிக்க மாட்டா. இந்தக் குசினி போனா இடம் வந்திட்டு. நாளைக்கு அத்திவாரம்.

— போடலாம் காக்கா. மறுகா, உத்தரம் எங்க குந்துது எண்டு பாக்கக் கதவு நிலையில கரியச் சுரண்டினன். இதென்ன எழுத்து?

— என்ன எழுத்து, சீனி?

— வருசம் போல. ஒண்டு, ஒம்பது, ரெண்டு, ஒண்டு.

— இருவத்தொண்டோ? முனவ்வறா, இது எப்ப வந்தது?

— எங்கட உம்மாட வாப்பா குசினி கட்டி முடிச்ச அண்டைக்குச் செதுக்கின. இருவத்தஞ்சு வருசமா இந்த வீட்டுல தின்னுறீங்க. சூறாவளி அண்டைக்கு மட்டும்தான் இதுக்குள்ள வந்தீங்க, அதுவும் கண்ண மூடிக்கிட்டு. எங்க தெரியப் போகுது?

— அம்பத்தெட்டு வருசம்.

— ஓம். பெரிய வீட்டுக் கூரை பறந்து போச்சி, இதுல ஒரு ஓடு அசையல்ல. புராதனம் எண்டா இதுதானே?

— நீ கொஞ்சம் சும்மா இரி. சீனி, அப்ப வாசல் பக்கமாக் கட்டுவம்.

— வாசல்ல புளியமரம் காக்கா. நீங்கதான் தகரத்துல நம்பர் எழுதி அடிச்சிருக்கீங்க. அந்த ஆணியும் பிடுங்க ஏலாது.

— அப்ப சத்தமில்லாம இத உடைச்சிப் போடு.

— அஸர் தொழுகைக்குப் பொறவு பத்திநாதர் வருவார். உடைக்க முதல் லிகிதர் வந்து அளந்து, வருசம் பாத்து எழுத வேணும் எண்டு நீங்கதானே காலையில வெளிக்கிடக்குள்ள ஓதினீங்க.

— முனவ்வறா, உனக்கு ஞாபகம் கூடிப் போச்சி. சீனி, உன்ட உளி கூரா இரிக்கா?

— கூர்தான். ஆனா நான் தொட மாட்டன் காக்கா. "வருடத்தைத் திருத்தும் மேசனுக்குச் சபையின் வேலை எதுவும் வழங்கப்படமாட்டாது." சந்தைச் சுவர்ல ஒட்டியிரிக்கி. ஆறாம் பிரிவு.

— அத எந்த மடையன் எழுதின?

— கீழ உங்கட கையெழுத்து.

— சுல்பிகாட வாப்பா, ஏன் உள்ளுக்கு எட்டி எட்டிப் பாக்கீங்க?

— மகள் எங்க?

— உள்ளுக்குத் தச்சிக்கிட்டு இரிக்கா. எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இரிக்கா.

— சரி. அந்த முக்காலிய இப்படி வை. சீனி, உளிய அந்தப் பலகையில வெச்சிட்டு அங்கால திரும்பி நில்லு. நீ ஒண்டும் காணல்ல.

— நான் எங்க கண்டன்? மறுகா, சும்மா ஒரு கதைக்குச் சொல்றன், ரெண்டுர காலச் சுண்ணாம்பால அடைச்சி, வளைஞ்ச தலைய நேராக்கினா ஏழு வந்திடும். கச்சிமுகம்மதுட வேலை லேசு. ரெண்டுதான் வில்லங்கம்.

— முனவ்வறா, எட்டு வருசத்துக் கரி எவ்வளவு பூச வேணும்?

— விறகப் பொறுத்தது. ஒரு சிரட்டை காணும், பானையில சுரண்டித் தாறன். சாரத்த மடிச்சிக் கட்டுங்க, முக்காலியில சிக்கும். நாக்கையும் உள்ளுக்கு எடுங்க, கடிபட்டிடும்.

— மெல்லக் கதை. ஆரோ படலையத் திறக்காங்க.

— பத்திநாதர் போல. இருங்க, நான் போய்ப் பாத்திட்டு வாறன்.

— சீனி, அஸர் பாங்கு சொல்லிட்டாங்களா?

— இன்னும் இல்ல காக்கா. நேரத்தோட வந்திட்டார். அசையாம நில்லுங்க, முக்காலி ஆடுது.

— முனவ்வறா, என்னவாம் அவர்? அளக்கிற நாடா கையில இரிக்கா?

— நாடா இல்ல. வெயில்ல வேர்த்து ஊத்திக்கிட்டு நிக்காரு. அவர்ர வாசல் படியில பன்னெண்டாம் வருசம் கிடக்காம். மகள் கிருபாமலருக்கு வீடு கட்டப் படிய எடுக்கணுமாம். மேசன்ர உளி இஞ்ச இரிக்கா எண்டு கேக்காரு.

— தேத்தண்ணி குடுத்து இருக்கச் சொல்லு. எனக்கு இன்னும் ஒரு கோடு இரிக்கி.