விரிசல்மேல் ஒட்டிய கண்ணாடி

மண் தோண்டும் வேலைக்குப் பொறுமைதான் முதல் தேவை என்பார்கள். என் அனுபவத்தில் முதல் தேவை நல்ல காலணி. என் அக்காவும் அதையேதான் சொல்வாள். அவள் வீட்டுப் பின்னறை ஜன்னல் நாங்கள் வேலை பார்த்த மனையைப் பார்த்தபடி இருந்தது. வெளிச்சத்துக்காகத் தையல் மிஷினை அங்கேதான் போட்டிருந்தாள். ரப்பர் செருப்போடு வேலைக்கு வரும் ஆட்களை ஜன்னல் வழியாகவே பிடித்து விளாசுவாள். "ஆணி குத்தினா உங்க மேஸ்திரியா வந்து வலியைத் தாங்குவான்?" என்பாள். மேஸ்திரி நான்தான்.

என் வேலை கட்டடம் கட்டுவதல்ல, ஐயா. கட்டுவதற்கு நிலத்தைத் தயார் செய்து கொடுப்பது. புதரை வெட்டி, பழைய அஸ்திவாரத்தைப் பெயர்த்து, மட்டம் பார்த்து, சுண்ணாம்புக் கோடு போட்டுக் குழி எடுப்போம். கட்டடம் எழுந்த பிறகு எங்களை ஒருவரும் நினைக்க மாட்டார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை.

இந்த மனையில் தரைக்கு அடியில் வரும் கீழ்த்தளத்துக்காக ஆழமான குழி வேண்டியிருந்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டு, "பக்கத்து வீட்டுக்காரங்கதான் எப்பவும் தலைவலி. உனக்கு அந்தக் கவலை இல்ல, உங்க அக்காதானே" என்றார். அதுவரை யாருக்காவது கீழேதான் வேலை பார்த்திருந்தேன். முழுப் பொறுப்பும் என் கைக்கு வந்தது அப்போதுதான். அக்காவிடம் சொன்னபோது அழுதுவிட்டாள். அம்மா போனபோது நான் விவரம் தெரியாத குழந்தை. என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்தான்.

துணி தைக்கக் கொடுக்க வருகிறவர்களையெல்லாம் ஜன்னலுக்கு இழுத்துக்கொண்டு போய், "என் தம்பி தோண்டுற குழி" என்று காட்டுவாள். "குழியில பார்க்க என்னடி இருக்கு?" என்று ஒருத்தி கேட்டாளாம். அவள் துணியை வேண்டுமென்றே ஒரு சுற்று இறுக்கமாகத் தைத்துக் கொடுத்ததாகச் சொல்லி அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஆழமாகத் தோண்டும்போது ஓரத்து மண்ணைச் சரிவாக விட வேண்டும். அதற்கு இடமில்லையென்றால் பலகை வைத்து முட்டுக் கொடுக்க வேண்டும். சரிவாக விட்டால் கீழ்த்தளம் சுருங்கிவிடும். முட்டுக் கொடுத்தால் வேலை இழுக்கும், மழையோ நெருங்கிக்கொண்டிருந்தது. அக்கா வீட்டுப் பக்கம் நேராகவே வெட்டச் சொன்னவன் நான்தான். மண் கெட்டியாக இருந்தது. கெட்டி மண் நிற்கும், கொஞ்ச காலத்துக்கு.

முதலில் ஜன்னல் மூலையிலிருந்து ஒரு விரிசல் இறங்கியது. பிறகு ஜன்னல் கதவு சாத்த வராமல் பிடித்துக்கொண்டது. இழைப்புளி கொண்டுபோய் இழைத்துக் கொடுத்தேன். பழையபடி சாத்தியது. அக்கா என் கன்னத்தைக் கிள்ளினாள். ஆனாலும் அவளுக்கு மனம் ஆறவில்லை. "வேலை முடியற வரைக்கும் மக வீட்ல போய் இருக்கட்டுமாடா?" என்று கேட்டாள்.

வீட்டுக்காரி வீட்டைப் பூட்டிக்கொண்டு போனால் தெருவே ஏன் என்று கேட்கும். கேள்வி அதிகாரிகள் காதுக்குப் போகும். வேலை நிற்கும். இதையெல்லாம் நான் அப்போது நினைக்கவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பப் போவதில்லை. நினைத்தேன். ஆனால் அதைவிட, அவள் பயப்படுவதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்து இரு முனைகளையும் ஒட்டிவிடுவோம். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். உடையாதவரை சுவர் இருந்த இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம். அக்காவுக்கும் ஒன்று ஒட்டிக் காட்டினேன். "இது முழுசா இருக்கிற வரைக்கும் நீ எதுக்கும் பயப்பட வேணாம்க்கா" என்றேன்.

மறுநாள் காலை போனபோது அது உடைந்திருந்தது. அவள் இன்னும் பின்னறைக்கு வரவில்லை, எனக்காகத் தேநீர் போட்டுக்கொண்டிருந்தாள். சட்டைப்பையில் இன்னொரு துண்டு இருந்தது. சீக்கிரம் காயும் பசையும் இருந்தது. மாற்றி ஒட்டினேன்.

அதன் பிறகு தினமும் காலையில் அக்கா வீட்டில்தான் தேநீர். அவள் அடுப்படியில் இருக்கும் நேரம் எனக்குப் போதுமானதாக இருந்தது. கோப்பையோடு வந்து கண்ணாடியைப் பார்ப்பாள். முகம் மலரும். மகளுக்கு போன் போட்டு, "உடையலடி, அப்படியே இருக்கு. மாமா பார்த்துக்கறான்" என்பாள். அவளுக்குத் தூக்கம் திரும்ப வந்தது. அந்த நிம்மதியை வேறு யார் கொடுத்திருப்பார்கள், சொல்லுங்கள்.

கடைசி நாள் அவள் எனக்கு முந்திவிட்டாள். நான் நுழையும்போது பையில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். "தம்பி, உடைஞ்சு கெடக்குடா" என்றாள்.

"நேத்து சாயங்காலம் ஜன்னலைப் பார்த்துட்டுப் போறப்ப என் கை பட்டுடுச்சுக்கா. சொல்ல மறந்துட்டேன்" என்றேன்.

"பாவி, உயிரே போயிடுச்சுடா எனக்கு" என்று முதுகில் ஒன்று வைத்தாள். சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போனாள். விரிசலில் அப்போது என் சுண்டுவிரல் நுழைந்தது. இருக்கிறதிலேயே நீளமான துண்டாகப் பார்த்து ஒட்டினேன். தேநீர் குடித்தேன். நான் கிளம்பும்போது பையில் வைத்த துணிகளைத் திரும்ப எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, மிஷினில் உட்கார்ந்தாள்.

உச்சி வெயிலுக்கு முன்னால் குழியின் ஓரம் சரிந்து பின்சுவர் அவளோடும் மிஷினோடும் குழிக்குள் விழுந்தது. மண்வெட்டியை வீசிவிட்டுக் கையாலேயே செங்கல்லைப் பறித்தேன். என் நகங்களைப் பாருங்கள். அவள் கால் அப்போதும் மிஷின் மிதியின்மேல் இருந்தது. இனி இந்த உலகத்தில் என்னை அதட்ட ஒருத்தரும் இல்லை, ஐயா. காலையில் எழுந்ததும் எந்தப் பக்கம் நடப்பது என்று தெரியாமல் நிற்கிறேன்.

அவள் மகள் என் தோளில்தான் சாய்ந்து அழுதாள். "கண்ணாடி முழுசா இருக்குன்னு காலையிலகூட சொன்னாங்களே மாமா" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன்.

நேராக வெட்டச் சொன்னது நான். கண்ணாடியை மாற்றியது நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் சுவர் அன்றைக்கு விழும் என்று எனக்குத் தெரியாது. யார் முன்னாலும் இதைச் சொல்வேன். என்னைக் கவனமில்லாதவன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். என் ஆட்கள் ஒருவர்மேலும் ஒரு கல்கூட விழவில்லை. தேநீர் குடித்துவிட்டு வெளியே வந்ததுமே, "அக்கா வீட்டுப் பக்கம் இன்னைக்கு யாரும் நிக்க வேணாம்" என்று எல்லோரையும் எதிர் ஓரத்துக்கு அனுப்பிவிட்டேன்.